காயலில் இறங்கிய அரபுக் குதிரைகள் எங்கே போயின? மலையேறும் மட்டக் குதிரைக்கு ஏன் இன்னும் பெயர் இல்லை?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு பழையகாயல் என்பது வழியில் வரும் இன்னொரு ஸ்டாப். இரண்டு பக்கமும் உப்பளம், கொஞ்சம் தள்ளி தாமிரபரணியின் கழிமுகம், சிர்கோனியம் தொழிற்சாலையின் போர்டு. அவ்வளவுதான். கடல்கூட ஊரிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது.

ஆனால் 700 ஆண்டுகளுக்கு முன்பு உலக வரைபடத்தில் இடம்பிடித்த துறைமுகம் இது. அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இங்கே இறங்கியவை குதிரைகள். பாண்டிய மன்னர்கள் பொன்னைக் கொட்டி வாங்கினார்கள். அத்தனை ஆயிரம் குதிரைகள் வந்தும், இன்று தமிழ்நாட்டுக்கென்று அரசுப் பதிவேட்டில் ஒரு குதிரை இனம்கூடக் கிடையாது.

இன்னொரு பக்கம், இன்றைக்கும் தமிழ்நாட்டின் சில மலைக் கிராமங்களில் மூட்டை சுமப்பது குதிரைதான். அது உயரமான அரபுக் குதிரை இல்லை. குட்டையான, கொஞ்சம் தின்று நிறைய உழைக்கும் 'மட்டக் குதிரை'. அதற்கும் பதிவேட்டில் இடம் இல்லை.

விலை கொடுத்து வாங்கிய குதிரை ஏன் நிலைக்கவில்லை? மலையேறும் சின்னக் குதிரை எப்படித் தாக்குப்பிடித்தது? அதற்கு ஒரு பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

காயலில் நடந்த வியாபாரம்

வெனிஸ் நகரத்துப் பயணி மார்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தது 1292-93 வாக்கில். அப்போது ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். ஹோர்முஸ், கிஷ், ஏடன் என்று மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் குதிரைகளோடு வந்து நிற்கும் பெரிய நகரம் என்று காயலை மார்கோ போலோ வர்ணிக்கிறார்.

அந்தக் காயல் எது என்பதில் பின்னாளில் குழப்பம் வந்தது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்க, துறைமுகமும் இடம் மாறிக்கொண்டே போனதுதான் காரணம். சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை உள்நாட்டு ஊராகிவிட, அடுத்து காயல் வந்தது. காயலும் தூர்ந்து போக, போர்த்துகீசியர் காலத்தில் புன்னக்காயல் வந்தது. இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் ராபர்ட் கால்டுவெல் இந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்து, சீனப் பீங்கான் துண்டுகள் மண்ணில் சிதறிக் கிடப்பதைக் கவனித்து, மார்கோ போலோ சொன்ன காயல் இந்தப் பழையகாயல் பகுதிதான் என்று வாதிட்டார். 1881இல் வெளியான அவருடைய திருநெல்வேலி வரலாற்று நூலிலும் கொற்கை, காயல் பற்றி நிறையத் தகவல்கள் உண்டு.

வியாபாரத்தின் அளவைச் சொல்பவர் இன்னொருவர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். மாபார் என்று அரபிகள் அழைத்த பாண்டிய நாட்டுக்கும் குஜராத்தின் காம்பே உள்ளிட்ட துறைமுகங்களுக்கும் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போனதாக அவர் எழுதுகிறார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். கிஷ் தீவை ஆண்ட வணிகர் ஜமாலுத்தீன், தன் சொந்தக் குதிரைகளில் மட்டும் ஆண்டுக்கு 1,400ஐ அனுப்புவதாக ஒப்பந்தம் போட்டிருந்தார். ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன்தான் பாண்டிய அரசில் அமைச்சர்.

ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து இன்றைய இன்ஷூரன்ஸ்காரர்களையே ஆச்சரியப்பட வைக்கும். வழியில் கடலில் செத்துப்போகும் குதிரைக்கும் பாண்டியன் கஜானாதான் பணம் கொடுக்க வேண்டும். குதிரை உயிரோடு காயல் கரையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் விற்றவருக்கு நஷ்டம் இல்லை.

குதிரைப் பணம் என்றால் அரண்மனையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதையே சாட்சி. குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார் மாணிக்கவாசகர். அதற்காக நரிகளையே பரிகளாக்கி அனுப்பினார் சிவபெருமான். இரவில் பரிகள் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த நிஜக் குதிரைகளையும் கடித்துக் குதறின. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இந்த லீலை நடக்கிறது.

வாங்கிய குதிரை ஏன் பிழைக்கவில்லை?

மன்னரும் அவருடைய சகோதரர்கள் நால்வரும் தலைக்கு 2,000 குதிரைக்கு மேல் ஆண்டுதோறும் வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை. மார்கோ போலோ சொல்வது இது. பயணக் கதையில் கொஞ்சம் மிகை இருக்கத்தான் செய்யும். ஆனால் வஸ்ஸாஃபும் வேறு வார்த்தைகளில் இதையேதான் சொல்கிறார். வந்த குதிரைகள் சீக்கிரமே வலுவிழந்து உதவாமல் போவதால், ஒவ்வோர் ஆண்டும் புதுசாக வாங்க வேண்டியிருக்கிறது என்கிறார்.

இருவரும் சொல்லும் காரணங்களை இன்றைய கால்நடை மருத்துவத்தோடு வைத்துப் பார்த்தால் நிறைய விளங்கும்.

முதல் காரணம் தீனி. குதிரைகளுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்கிறார் மார்கோ போலோ. வறுத்த தானியத்தை நெய்யில் பிசைந்து கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். பாசத்தில் செய்ததுதான். ஆனால் குதிரையின் வயிறு மாட்டின் வயிறு மாதிரி இல்லை. அதன் உடம்பு அளவுக்கு இரைப்பை ரொம்பச் சின்னது; தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. புல், வைக்கோல் போன்ற நார்த்தீனியைப் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துத்தான் அது ஜீரணிக்கிறது. அங்கே அளவுக்கு மீறி மாவுச்சத்து போனால் கடுமையான வயிற்றுவலி வரும். குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்கவே முடியாமல் போகும்.

இரண்டாவது காரணம் கட்டிப்போடுவது. வந்த குதிரைகளை 40 நாள் லாயத்தில் முளை அடித்துக் கட்டிக் கொழுக்க வைத்துவிட்டு, பிறகு பழக்காமலேயே வீரர்கள் ஏறி விரட்டினார்கள் என்று வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார். 40 நாள் படுத்துக் கிடந்தவரை 41ஆவது நாள் மாரத்தான் ஓடச் சொன்னால் என்ன ஆகும்?

மூன்றாவது லாடம். குளம்பைச் சீவி, லாடம் அடித்து, நோய் பார்க்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. குதிரை விற்ற வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடவும் இல்லை என்பது மார்கோ போலோவின் குற்றச்சாட்டு. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

நான்காவது நம்ம ஊர் புழுக்கம். மனிதனைப் போலவே குதிரையும் வியர்த்துத்தான் உடம்பைக் குளிர வைக்கிறது. அரேபியாவின் வறண்ட காற்றில் வியர்வை சட்டென்று ஆவியாகிவிடும். கழிமுகக் காற்றின் ஈரத்தில் அது நடக்காது. உடம்புச் சூடு உள்ளேயே தங்கிவிடும். போதாக்குறைக்கு ஈரமான வெப்பப் பகுதிகளில் கடி ஈக்கள் பரப்பும் 'சர்ரா' என்ற ஒட்டுண்ணி நோய் வேறு குதிரைகளை வாட்டும். இந்த நோயின் கிருமியை 1880இல் கண்டறிந்தவர் இந்தியாவில் பணியாற்றிய ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் இவான்ஸ். இன்றும் குதிரை வளர்ப்பவர்கள் பயப்படும் நோய் இது.

நல்ல ஆண் குதிரையும் பெண் குதிரையும் இங்கே சேர்ந்தாலும், கால் கோணிய, வளர்ச்சி குன்றிய குட்டிதான் பிறக்கிறது என்றும் மார்கோ போலோ எழுதியிருக்கிறார். அதாவது வந்த தலைமுறையோடு கதை முடிந்தது. வம்சம் உருவாகவில்லை.

வெள்ளைக்காரர்களுக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. மெட்ராஸ் ராணுவத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் குதிரை இறக்கினார்கள். நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி 1824இல் குதிரைகளுக்காகப் பண்ணை தொடங்கியதும் கடலோரத்தில் இல்லை. குளிர்ச்சியான ஓசூர் மேட்டுநிலத்தில்.

'மட்டம்' என்றால் மட்டமா?

'மட்டம்' என்ற தமிழ்ச் சொல்லுக்குச் சின்னக் குதிரை என்றே ஒரு பொருள் உண்டு. ஆனால் பேச்சு வழக்கில் 'மட்டம்' என்றால் தரம் குறைந்தது. இரண்டும் கலந்து, மட்டக் குதிரை என்றாலே ஏதோ இரண்டாம் தரம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மை அப்படி இல்லை.

குதிரையின் உயரத்தை அளப்பது தலையை வைத்து இல்லை. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டிலிருந்து தரை வரை அளப்பார்கள். சர்வதேச வழக்கில் இந்த உயரம் 14 கை, 2 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 147 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது மட்டக் குதிரை. ஒரு கை என்பது 4 அங்குலம்.

இந்தக் குட்டை உருவம்தான் மலையில் பலம். காரணம் எளிமையான கணக்கு. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் சுமார் 2 சதவீதம் உலர்தீனி வேண்டும். 450 கிலோ எடையுள்ள பெரிய குதிரைக்கு 9 கிலோ. 250 கிலோ மட்டக் குதிரைக்கு 5 கிலோ போதும். புல் குறைவாக முளைக்கும் மலையில் இந்த 4 கிலோ வித்தியாசம்தான் சாவா பிழைப்பா என்பதைத் தீர்மானிக்கும்.

குட்டைக் கால் என்றால் உடம்பின் எடை தரைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒற்றையடிப் பாதையில், சரளைக் கல்லில், சரிவில் தடுமாற்றம் குறையும். பாறையிலேயே நடந்து பழகிய மலைக் குதிரைகளின் குளம்பும் கெட்டியாக இருக்கும். யாரும் திட்டம் போட்டு உருவாக்கியது இல்லை இது. தாக்குப்பிடிக்க முடியாதவை செத்துப்போக, பிழைத்தவற்றை மலைவாசிகள் பெருக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தேர்வில் உருவானவைதான் மலைக் குதிரை இனங்கள். காயலில் கிடைக்காமல் போனதும் இந்த அவகாசம்தான். ஒவ்வோர் ஆண்டும் புதுக் கப்பல் வந்துகொண்டே இருந்ததால், பிழைத்ததைத் தேர்ந்தெடுத்து வளர்க்க வேண்டிய கட்டாயமே வரவில்லை.

இமயமலையின் குட்டைக் குதிரைகள்

இந்தியாவில் கால்நடை இனங்களைப் பதிவு செய்வது ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் அமைப்பு. அதன் பட்டியலில் உள்ள குதிரை இனங்கள் மொத்தம் எட்டு. மார்வாரி, கத்தியவாரி, கட்சி-சிந்தி, ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா, மணிப்புரி, கடைசியாகச் சேர்ந்த மகாராஷ்டிரத்தின் பீம்தாடி.

இதில் ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா, மணிப்புரி நான்கும் மட்டக் குதிரைகள்.

லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் பிறந்தது சன்ஸ்காரி. உயரம் 120 முதல் 140 செ.மீ. வரைதான். ஆனால் 3,000 மீட்டருக்கு மேல், நமக்கெல்லாம் மூச்சு வாங்கும் உயரத்தில், முதுகில் மூட்டையோடு நடக்கும். ஹிமாச்சலின் ஸ்பிதி குதிரையும் அப்படித்தான். கடுங்குளிரையும் தீனிப் பஞ்சத்தையும் தாங்கும். சிக்கிம், அருணாச்சலப் பக்கம் பூட்டியா.

மணிப்புரி மட்டக் குதிரைக்கு உலகப் புகழ் உண்டு. இன்று பணக்காரர்களின் விளையாட்டாகப் பார்க்கப்படும் நவீன போலோ, மணிப்பூரின் 'சகோல் காங்ஜெய்' விளையாட்டிலிருந்து வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு 1859இல் சில்சாரில் போலோ கிளப் தொடங்கினார்கள். ஆனால் அந்த விளையாட்டைக் கொடுத்த குதிரையின் நிலைமை? 2003 கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்த எண்ணிக்கை 2012இல் 1,101 ஆகக் குறைந்தது. இதற்குப் பிறகு 2016இல் மணிப்பூர் அரசு தனியாக ஒரு பாதுகாப்புக் கொள்கையே கொண்டுவந்தது.

நாடு முழுவதும் இதே கதைதான். 2012இல் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரை, மட்டக் குதிரைகளின் எண்ணிக்கை 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சம். ஏழே ஆண்டில் 45.6 சதவீதம் சரிவு. கழுதை இன்னும் மோசம், 61 சதவீதம்.

காரணம் ஊகிக்க முடியாதது இல்லை. ரோடு. மலைக்கு ரோடு வந்தால் ஜீப் வரும், பிக்கப் வண்டி வரும், குதிரைக்கு வேலை போகும். ரோடு வருவதை யாரும் குறை சொல்ல முடியாது. பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிப்போகும் கிராமத்துக்கு ரோடுதான் முதலில் வேண்டும். பிரச்சினை என்னன்னா, வேலை போன குதிரையைச் சும்மா வைத்துத் தீனி போட யாருக்கும் கட்டுப்படியாகாது. மிச்சம் இருப்பதையும் உயரம் கூட வேண்டும் என்று வேறு இனத்தோடு கலக்கும்போது பழைய குணம் கரைந்துவிடும்.

ஆனாலும் சன்ஸ்காரிக்கும் ஸ்பிதிக்கும் ஒரு பிடிமானம் இருக்கிறது. லடாக்கின் படூமில் சன்ஸ்காரிக்கும், ஸ்பிதியின் லாரியில் ஸ்பிதி குதிரைக்கும் அரசு இனப்பெருக்கப் பண்ணைகள் உண்டு. ஹரியானா ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் கருமாற்று முறையில் சன்ஸ்காரி குட்டியைப் பிறக்க வைத்திருக்கிறது. பெயர் இருப்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது.

நம்ம மலையில் யார் சுமக்கிறார்கள்?

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைத்தொடரிலிருந்து வடக்கே போனால் தேனி, திண்டுக்கல் மலைகள். மட்டக் குதிரையை இன்றும் வேலையில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

திண்டுக்கல் பக்கத்தில் உள்ள சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச் சாலை இருக்கிறது. ஆனால் வாழை, எலுமிச்சை, காபி, மிளகு விளையும் தோட்டங்கள் எல்லாம் அந்தச் சாலையை ஒட்டி இல்லை. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைத்தார் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வருவது குதிரை முதுகில். இரண்டு பக்கமும் சரிசமமாகச் சுமை கட்டி, கல்லும் முள்ளுமான ஏற்ற இறக்கத்தில் முன்னால் குதிரை, பின்னால் குதிரைக்காரர். பழகிய குதிரை என்றால் வழி சொல்ல வேண்டியதே இல்லை; தானாகவே ரோட்டுக்கு வந்து நிற்கும்.

அதனால்தான் சிறுமலையில் மாட்டுப் பொங்கல் நேரத்தில் குதிரைக்கும் பொங்கல் உண்டு. குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொங்கல் ஊட்டி, அன்று சுமை ஏற்றாமல் விடுகிறார்கள். காளைக்குச் செய்யும் மரியாதை அத்தனையும் அங்கே குதிரைக்குக் கிடைக்கிறது. உழைப்பவனுக்குத்தானே பொங்கல்!

மற்ற ஊர்க்காரர்கள் இந்தக் குதிரைகளைப் பார்ப்பது தேர்தல் சமயத்தில். நத்தம் பக்கத்தில் உள்ள மலையூர் போன்ற ரோடு இல்லாத கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில்தான் ஏறுகின்றன. டிவியில் அந்தக் காட்சி அரை நிமிடம் ஓடும். அடுத்த தேர்தல் வரை மறந்துவிடுவோம். ரேஷன் அரிசி, சிமெண்ட் மூட்டை, கேஸ் சிலிண்டர் என்று நடுவில் வரும் ஐந்து ஆண்டும் அதே பாதையில் அதே குதிரைதான் ஏறுகிறது.

சமவெளியிலும் சின்னக் குதிரைக்கு இடம் இல்லாமல் இல்லை. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களில் பெரிய குதிரை, சிறிய குதிரை என்று பிரித்துத்தான் ஓட விடுகிறார்கள். குதிரை வாங்க விற்க அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை இருக்கிறது. ஆனால் அங்கே பெரிய விலை பேசப்படுவது மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும். ராஜஸ்தான், குஜராத் பெயர் இருந்தால் விலை. மலைச் சுமைக் குதிரைக்கு ஊர் பெயரும் இல்லை, இனப் பெயரும் இல்லை.

கடலுக்கு அப்பால் ஓர் எச்சரிக்கை

தமிழர்கள் வாழும் இடத்திலேயே, குட்டைக் குதிரைகள் தாமாகப் பிழைத்துக் கிடக்கும் ஓர் ஊர் உண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாக் நீரிணையில் உள்ள நெடுந்தீவு.

போர்த்துகீசியர் காலத்தில் வந்து, டச்சுக்காரர்கள் பண்ணை வைத்துப் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை அங்கே வெட்டவெளியில் திரிகின்றன. குதிரை லாயத்தின் பவளக்கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பண்ணை போனது, ஆண்டவர்கள் போனார்கள், குதிரைகள் மட்டும் நின்றுவிட்டன. யாரும் தீனி போடாமல், லாடம் அடிக்காமல், காய்ந்த புல்லையும் கிடைத்த தண்ணீரையும் வைத்துத் தலைமுறைகளைக் கடந்திருக்கின்றன. காயலில் பாலும் நெய்யும் கொடுத்து நடக்காதது, இங்கே பட்டினி போட்டு நடந்திருக்கிறது.

ஆனால் எந்தக் கடுமைக்கும் ஓர் எல்லை உண்டு. மழை பொய்க்கும் ஆண்டுகளில் நெடுந்தீவில் குதிரைகள் தண்ணீர் இல்லாமல் சாவது அடிக்கடி செய்தியாகிறது. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 'எதையும் தாங்கும்' என்று பெயர் எடுத்த விலங்கை யாரும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தீவு ஓர் எச்சரிக்கை.

பெயர் இருந்தால் என்ன கிடைக்கும்?

இங்கேதான் நெல்லைச் சீமை ஒரு நல்ல உதாரணம் கையில் வைத்திருக்கிறது.

திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் கரிசல் காட்டில் மேயும் கீழக்கரிசல் செம்மறி, வேம்பூர் செம்மறி, கன்னி ஆடு, கொடி ஆடு எல்லாமே கர்னால் பட்டியலில் தனி இனங்கள். நாய்களில் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் பதிவு பெற்றுவிட்டன. இவையும் ஒரு காலத்தில் 'நம்ம ஊர் ஆடு', 'நம்ம ஊர் நாய்' என்று மட்டுமே அறியப்பட்டவைதான். யாரோ அளந்தார்கள், எழுதினார்கள், விண்ணப்பித்தார்கள். அதனால் இன்று அவற்றுக்குப் பெயர் இருக்கிறது.

பதிவு என்பது சும்மா சர்டிபிகேட் இல்லை. கால்நடைக் கணக்கெடுப்பில் பதிவு பெற்ற இனங்களைத் தனித்தனியாக எண்ணுவார்கள். பெயர் இல்லாதவை எல்லாம் 'இனம் குறிப்பிடப்படாதவை' என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடும். மணிப்புரி குதிரை 1,898இலிருந்து 1,101 ஆனது எல்லோருக்கும் தெரிந்து, அரசு கொள்கை வகுத்தது எப்படி? தனியாக எண்ணியதால். சிறுமலைக் குதிரைகள் நாளைக்குப் பாதியாகக் குறைந்தால் அந்தக் கட்டத்தில் அது தெரியவே தெரியாது. 21ஆவது கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. அதிலும் இந்தக் குதிரைகளுக்குத் தனிக் கட்டம் கிடையாது.

சரி, சிறுமலைக் குதிரை தனி இனம்தானா? மட்டக் குதிரை என்பதாலேயே தனி இனம் ஆகிவிடாது. எத்தனையோ இடத்திலிருந்து வாங்கி வந்த குதிரைகளின் கலப்பாகவும் இருக்கலாம். மலையில் தலைமுறைகளாக உழைத்துத் தனி குணம் பெற்றதாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது அளவுநாடாவும் மரபணுச் சோதனையும். உயரம், நிறம், குளம்பு, சுமை தூக்கும் திறன், எந்தெந்த ஊரில் எத்தனை, யார் எப்படிப் பெருக்குகிறார்கள் என்ற விவரங்களைத் திரட்டி மாநிலக் கால்நடைத் துறையோ பல்கலைக்கழகமோ வளர்ப்போர் சங்கமோ விண்ணப்பிக்க வேண்டும். குழு பரிசீலித்து முடிவு சொல்லும்.

இதற்கு வேண்டிய ஆட்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியிலேயே கல்லூரி இருக்கிறது. ஆட்டுக்கும் நாய்க்கும் செய்த வேலையைக் குதிரைக்கும் செய்து பார்க்கலாம். 'தனி இனம் இல்லை' என்று பதில் வந்தாலும் நஷ்டம் இல்லை. எத்தனை குதிரை இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்பதாவது கணக்கில் வரும். சுமைக் குதிரை வைத்திருப்பவருக்குக் குளம்பு நோய்க்கும் வயிற்றுவலிக்கும் எந்த டாக்டரிடம் போவது என்பதற்காவது ஒரு வழி பிறக்கும்.

தாமிரபரணிக் கதை

காயல் கடற்கரையில் இறங்கிய குதிரைகளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அவற்றுக்கு விலை இருந்தது. எத்தனை வந்தது, என்ன விலை, எத்தனை செத்தது என்று வெனிஸ்காரரும் பாரசீகக்காரரும் எழுதி வைத்தார்கள். அந்தக் குதிரைகள் ஒன்றுகூட வம்சம் வைக்கவில்லை. அவை இறங்கிய துறைமுகம்கூட வண்டலில் தூர்ந்துவிட்டது. ஆனால் கணக்கு நிலைத்துவிட்டது.

மலையில் வாழைத்தார் சுமக்கும் குதிரைக்கு நேர்மாறான நிலைமை. அது இன்றும் உயிரோடு இருக்கிறது, குட்டி போடுகிறது, வேலை செய்கிறது. கணக்கு மட்டும் இல்லை. கடைசித் தோட்டத்துக்கும் ரோடு போய்ச் சேரும் நாளில், 'இங்கே குதிரை இருந்ததா?' என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல ஒரு வரியாவது எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வரியை எழுதுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.